கடைசி ஆட்டுக்குப் பின்னால் நடந்த நாய்

மேற்கே மலை இருந்தது, கிழக்கே கடல் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்த ஒரு குடும்பமும் இருந்தது. எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜாக்கள் இருந்த காலம், ஓநாய்கள் இருந்த காலம், இரண்டு பேருக்கும் மக்கள் ஒரே அளவு பயந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்திடம் முந்நூறு ஆடுகள் இருந்தன. மந்தையை நடத்துகிறவரைக் கீதாரி என்பார்கள். அந்த மந்தைக்குக் கீதாரி ஆவுடையப்பன். அவர் மனைவி உலகம்மாள். மூத்த மகன் நல்லமாடன், இளைய மகன் பேச்சிமுத்து, இருவருக்கும் இளையவள் மாடத்தி.

வீடு இவர்களுக்கும் உண்டு. வீட்டில் இருக்கத்தான் நேரம் கிடையாது. மார்கழியில் ஆற்றங்கரை, தையில் கரிசல்காடு, மாசியில் மலையடிவாரம். அறுவடை முடிந்த வயலில் இரவு ஆடுகளை அடைத்துப் படுக்க வைப்பார்கள். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். வயல்காரருக்கு எரு, இவர்களுக்கு நெல். விடிந்தால் அடுத்த வயல், அதற்கடுத்து இன்னொரு வயல். ஒரே மண்ணில் இரண்டு ராத்திரி படுத்தால் முதுகு வலிக்கும் என்று சொல்லிச் சிரிக்கிற குடும்பம் அது.

அவர்கள் நடக்கிற முறையைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. முன்னால் ஆண்கள். நடுவில் ஆடுகள். பின்னால் பெண்கள்.

முன்னால் நடப்பவர் கையில் ஒரு கம்பு. பின்னால் நடப்பவர் தலையில் நேற்றுப் பிறந்த குட்டிகள் படுத்த கூடை, இடுப்பில் தண்ணீர்ப் பானை, கண்ணிலும் வாயிலும் முந்நூறு ஆடுகள் கிளப்பிய புழுதி. முன்னால் நடப்பவரைப் பார்த்து ஊர், கீதாரி வந்துவிட்டார் என்று கும்பிடும். பின்னால் நடப்பவள் ஊருக்குள் வந்து சேரும்போது கும்பிட்டவர்கள் கலைந்து போயிருப்பார்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் மாடத்திக்கு நடப்பதில் வருத்தமே கிடையாது. அவளை உலகம்மாள் பெற்றதே ஒரு வேலமரத்தடியில், இரண்டு ஊர்களுக்கு நடுவில். மறுநாள் காலையில் பிள்ளையை ஆட்டுக்குட்டிக் கூடையில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். மாடத்தி முதலில் தூங்கிய தூக்கம் ஓர் ஆட்டுக்குட்டியின் வயிற்றில் தலை வைத்துத்தான். வழியில் இருக்கிற அத்தனை கிணற்றின் ஆழமும் அவளுக்குத் தெரியும். எந்த ஆடு எந்த ஆட்டோடு சண்டை போட்டிருக்கிறது என்றும் தெரியும். நடப்பது அவளுக்குச் சொத்து.

அந்தச் சொத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

அவர்களிடம் ஒரு கிழட்டு நாய் இருந்தது. அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தானாக வந்தது, பதினாலு வருஷம் கூடவே நடந்தது, ஐப்பசி மழையில் செத்துப்போனது. அதன் பிறகு மாசி மாதம் மலையடிவாரத்துக்கு வந்தார்கள். அங்கே புல் ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம். நடுவில் இரண்டு பெரிய பாறைகளுக்கு இடையே குறுகலான இடுக்கு. தினமும் மத்தியானம் ஆடுகளை அந்த இடுக்கு வழியாகத் தண்ணீருக்கு ஓட்ட வேண்டும்.

முதல் நாள் ஒரு குட்டி காணவில்லை. இரண்டாம் நாள் ஒரு குட்டி காணவில்லை. மூன்றாம் நாளும் ஒரு குட்டி காணவில்லை. மூன்றும் மந்தையின் வாலில் வந்த குட்டிகள்.

வாலில் நடப்பது யார்? பெண்கள். அப்படியென்றால் தப்பு யாருடையது? பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாகக் கணக்கு முடிகிறது.

பக்கத்து மந்தைக் கீதாரிகள் ஆவுடையப்பனைக் கேலி செய்தார்கள். உன் வீட்டுப் பொம்பளைகள் கதை பேசிக்கொண்டு நடக்கிறார்கள், ஓநாய் அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் வருகிறது என்றார்கள். கேலி வாங்கிய மனிதர் வீட்டுக்கு வந்து என்ன செய்வார்? அதையேதான் இவரும் செய்தார். பங்குனி முடிவதற்குள் இன்னும் மூன்று குட்டி போனால் தாயும் மகளும் ஊரோடு உட்கார வேண்டியதுதான், அப்புறம் மந்தையோடு ஆண்கள் மட்டும் நடப்போம் என்று தீர்ப்புச் சொன்னார்.

மாடத்தி அன்று சாப்பிடவில்லை.

அந்த வருஷம் அவர்கள் கிடை போட்டது ராஜாவின் வயல்களில். போன வருஷக் கிடையில் விளைச்சல் பொங்கியிருந்ததால் ராஜா மனம் குளிர்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு நாய் வேண்டும் என்றார் ஆவுடையப்பன். ராஜாவுக்குச் சந்தோஷம். அவருடைய நாய்ப்பட்டி ஏழு நாட்டிலும் பேர்போனது. ஆட்களைவிட அங்கே நாய்களுக்குத்தான் மரியாதை அதிகம். என் பட்டியில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடு, ஆனால் மூன்று தடவைதான் என்றார்.

முதல் தடவை ஆவுடையப்பன் போனார்.

பட்டியில் காவல் இனத்து நாய்கள் ஒரு வரிசையாக நின்றன. அதில் ஒன்று பால் போல வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, கன்றுக்குட்டி உயரம். பெயர் பால்வண்ணன். அதன் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பாட்டனின் பாட்டன் பெயர் எல்லாவற்றையும் பட்டிக் காவலர் சங்கிலி என்பவர் மூச்சு விடாமல் சொன்னார். ஆவுடையப்பனுக்கு இது போதும். முன்னால் இந்த நாய் நடந்து வந்தால் ஊர் எப்படிப் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டே கூட்டி வந்தார்.

பால்வண்ணன் உண்மையிலேயே நல்ல நாய். அன்று ராத்திரி கிடையைச் சுற்றி ஓர் எலிகூட நடமாடவில்லை. விடிந்தது. ஆடுகள் அடுத்த வயலுக்குக் கிளம்பின. பால்வண்ணன் கிளம்பவில்லை. காவல் காக்கச் சொன்ன இடம் இதுதானே என்று காலி வயலின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டார்கள், வரவில்லை. இழுத்தார்கள், வரவில்லை. ஆடு இல்லாத, ஆள் இல்லாத, வெறும் புழுக்கை கிடந்த வயலை அது நாள் முழுக்க உயிரைக் கொடுத்துக் காத்தது. உழ வந்த ராஜாவின் உழவரையே உள்ளே விடவில்லை. அவர் ஏரையும் மாட்டையும் விட்டுவிட்டு வரப்பில் ஏறி நின்று சாயங்காலம் வரை நியாயம் பேசிப் பார்த்தாராம்.

அன்று மத்தியானம் இடுக்கில் ஒரு குட்டி போனது.

சொல்லுங்கள், நாயின் மேல் என்ன தப்பு? இடத்தைக் காக்கப் பிறந்த இனம் அது. இந்தக் குடும்பத்துக்கு இடமே கிடையாது.

இரண்டாம் தடவை நல்லமாடன் போனான்.

அவன் கண் வேட்டை இனத்தின் மேல் விழுந்தது. கூர்மூஞ்சி, ஒட்டிய வயிறு, குச்சிக் கால். அதில் ஒன்றின் பெயர் அம்பு. சங்கிலி ஒரு முயலை அவிழ்த்துவிட்டார். முயல் வேலியைத் தொடுவதற்குள் அம்பு முயலைத் தொட்டுவிட்டது. நல்லமாடனுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஓடி ஆடிப் பிழைக்கிற குடும்பம் நாம், ஓடுகிற நாய்தான் வேண்டும் என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு வந்தான்.

இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். ஓடுவது வேறு, நடப்பது வேறு. அம்பு ஒரு பாய்ச்சலுக்குப் பிறந்த நாய். ஒரு கூப்பிடு தூரம் பாயும், அப்புறம் நாக்கைத் தொங்கப்போட்டு நிழலில் படுக்கும். இந்தக் குடும்பமோ விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை ஒரே சீராக நடக்கும்.

அன்று மத்தியானம் மந்தை இடுக்குக்குள் நுழைந்தது. முன்னால், பாறைமேல் ஓர் ஓநாய் வந்து நின்றது. எல்லோரும் பார்க்கட்டும் என்பது போல நின்றது. நல்லமாடன் சீழ்க்கையடித்தான். அம்பு பாய்ந்தது. ஓநாய் ஓடியது. ஓநாய்க்குப் பின்னால் அம்பு, அம்புக்குப் பின்னால் ஆண்கள் மூன்று பேர், கத்திக்கொண்டு, கம்பைச் சுழற்றிக்கொண்டு. பார்க்கக் கண்கொள்ளாத காட்சிதான். அதே நேரத்தில் பின்பக்கப் பாறையிலிருந்து சத்தமில்லாமல் இன்னோர் ஓநாய் இறங்கியது. மாடத்தி கம்பை ஓங்குவதற்குள் கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அம்பு திரும்பி வந்தது, வாயில் ஒரு முயலோடு. ஓநாயைப் பாதி வழியில் மறந்துவிட்டிருந்தது.

ரெண்டு ஓநாய் வருகிறது, ஒன்று முன்னால் நின்று உங்களைக் கூப்பிடுகிறது, இன்னொன்று பின்னால் எடுக்கிறது என்று மாடத்தி சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவர்கள் மூன்று பேரும் பார்த்தது ஒன்றைத்தான்.

"பயந்த கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் தெரியும், ஏட்டி," என்றான் நல்லமாடன். "ராத்திரி நிலாவும் ரெண்டு தெரியுதான்னு பாரு."

ஐந்து குட்டி போயாயிற்று. தீர்ப்புக்கு மிச்சம் ஒன்று.

மூன்றாம் தடவைக்குப் பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அப்பா போனார், அண்ணன் போனான், இனி என் முறை என்றான். நியாயம் போலத்தான் இருந்தது. மாடத்தி வழியை மறித்து நின்றாள்.

என் முறை என்றாள். நாய் எடுப்பது ஆம்பளை காரியம் என்றார் ஆவுடையப்பன். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. மூன்று கேள்வி கேட்டாள். செத்துப்போன நம் நாய் எப்படி இருந்தது என்று முதலில் கேட்டாள். நல்ல கறுப்பு என்றார் ஆவுடையப்பன். அது நாள் முழுக்க எங்கே நடந்தது என்று கேட்டாள். அவர் யோசித்தார். நல்லமாடனைப் பார்த்தார். பேச்சிமுத்துவைப் பார்த்தார். பதினாலு வருஷம் கூடவே நடந்த நாய், அது எந்தப் பக்கம் நடந்தது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அவர்கள் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது கேள்வியை மாடத்தி மெதுவாகக் கேட்டாள்.

"குட்டி போனா பழி எங்க தலையில. நாயைப் பிடிக்கிற கை மட்டும் உங்க கையா, அய்யா?"

ஆவுடையப்பன் கம்பைத் தரையில் ஊன்றினார். அவர் வாய் திறப்பதற்குள் உலகம்மாள் தலையிலிருந்த கூடையை இறக்கிக் கணவர் காலடியில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நடையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள் அவள்.

"அவ போகட்டும். இல்லன்னா நாளைக்கு நீங்க பின்னால வாங்க. நான் முன்னால போறேன்."

கூடைக்குள்ளிருந்து ஒரு குட்டி தலையைத் தூக்கி அவரைப் பார்த்துக் கத்தியது. மாடத்தி போனாள். துணைக்குப் பேச்சிமுத்து போனான். போகும்போது அவள் பத்து ஆடுகளையும், காலில் முள் குத்தி நொண்டுகிற ஒரு குட்டியையும் ஓட்டிக்கொண்டு போனாள். அரண்மனைக்கு எதற்கு ஆடு, ராஜாவுக்கு விருந்து வைக்கப் போகிறாயா என்று பேச்சிமுத்து வழியெல்லாம் கிண்டல் செய்தான்.

ராஜா கோபமாக இருந்தார். அவருடைய நாய்களை இதுவரை யாரும் திருப்பியதில்லை. பால்வண்ணனையும் திருப்பினார்கள், அம்பையும் திருப்பினார்கள். நாடே சிரிக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

"என் நாய் மட்டமா, உன் வீடு மட்டமா? சொல், பெண்ணே," என்றார்.

மந்திரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜா கேட்கிற கேள்விக்கு இரண்டு பதில்தான் இருந்தது, இரண்டும் ஆபத்து. மாடத்தி மூன்றாவதை எடுத்தாள்.

"ரெண்டும் மட்டமில்ல, ராஜா. உங்க நாய்க்கு எங்க வீடு வாய்க்கல, எங்க வீட்டுக்கு உங்க நாய் வாய்க்கல. மீனைக் கொண்டுபோய் மரத்துல விட்டுட்டு, மீனு மட்டமா மரம் மட்டமான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மீசைக்குள் மறைத்துக்கொண்டு நாய்களை வரிசையாக நிறுத்தச் சொன்னார். சங்கிலி ஒவ்வொன்றாகக் குலப்பெருமை சொல்லத் தொடங்கினார். மாடத்தி கையைக் காட்டி நிறுத்தினாள். நிறம் கேட்கவில்லை, தகப்பன் பெயர் கேட்கவில்லை, எத்தனை பரிசு வாங்கியது என்று கேட்கவில்லை. நாய்களை எல்லாம் அவிழ்த்துவிடச் சொன்னாள். அப்புறம் தன் பத்து ஆடுகளையும் பட்டி முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க விட்டாள். நொண்டிக் குட்டி கடைசியாகத் தத்தித் தத்திப் போனது.

காவல் நாய்கள் வாசலை அடைத்துக்கொண்டு உறுமின. வேட்டை நாய்களை ஆட்கள் பாய்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. மற்றவை குரைத்தன, சுற்றின, ஒன்றையொன்று கடித்தன.

முற்றத்து மூலையில், விறகு அடுக்குக்குப் பக்கத்தில், வரிசையில் சேர்க்காத ஒரு பெட்டை நாய் படுத்திருந்தது. மண் நிறம். ஒரு காது கிழிந்திருந்தது. அது எழுந்தது, உடம்பை உதறியது, ஆடுகளைச் சுற்றிப் பின்பக்கமாக வந்தது. நொண்டிக் குட்டிக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நடந்தது. குட்டி நின்றால் நின்றது. குட்டி நடந்தால் நடந்தது. ஒரு தடவை திரும்பிப் பின்னால் வெறும் முற்றத்தைப் பார்த்தது, யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்பது போல.

மாடத்தி மறுபடியும் ஆடுகளை ஓட்டினாள். நாய் மறுபடியும் பின்னால் நடந்தது. மூன்றாம் தடவையும் ஓட்டினாள். மூன்றாம் தடவையும் நடந்தது.

இதைத் தாருங்கள் என்றாள்.

சங்கிலிக்குக் கூச்சமாகிவிட்டது. அது கிழக்கேயிருந்து கப்பமாக வந்த ஆடுகளோடு கூடவே வந்துவிட்ட மந்தை இனத்து நாய், அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை என்றார். வேட்டைக்குக் கூட்டிப்போனால் பாதியில் திரும்பி, பின்தங்கிப்போன குட்டி நாய்களோடு நடந்து வரும். வாசலில் கட்டினால் கயிற்றை அறுத்துக்கொண்டு, வந்த விருந்தாளிகளை அவர்கள் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும். எதற்கும் உதவாத நாய், அம்மா, என்றார்.

"எதுக்கும் உதவாததுன்னு சொல்லாதீங்க, மாமா," என்றாள் மாடத்தி. "உங்ககிட்ட அதுக்கேத்த வேலை இல்ல. அவ்வளவுதான்."

இந்த நாய் இருந்தும் குட்டி போனால் என்ன செய்வாய் என்று ராஜா கேட்டார். போனால் நடையை விட்டு ஊரோடு உட்காருகிறேன், யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பங்குனி முடியும் வரை போகவில்லையென்றால்? அவள் ராஜாவை நேராகப் பார்த்தாள். போகவில்லையென்றால் ராஜா ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கள் மந்தைக்குப் பின்னால் நடக்க வேண்டும். முன்னால் வேண்டாம், பின்னால்.

பேச்சிமுத்து அவள் கையைக் கிள்ளினான். ராஜா சம்மதித்தார்.

வழியில் அவள் நாய்க்குப் பெயர் வைத்தாள். புழுதி.

புழுதியைப் பார்த்து நல்லமாடன் விழுந்து விழுந்து சிரித்தான். ராஜாவின் பட்டியிலிருந்து விளக்குமாறைக் கொண்டுவந்திருக்கிறாளே என்றான். ஆவுடையப்பன் நாயை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆடுகளை எண்ணப் போய்விட்டார். அதுதான் மாடத்திக்கு வலித்தது.

முதல் நாள் புழுதி நடந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை கடைசி ஆட்டுக்குப் பின்னால் நடந்தது. இரண்டாம் நாளும் நடந்தது. படுத்த வயலை அது திரும்பிப் பார்க்கவில்லை, குறுக்கே ஓடிய முயலைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. அதற்கு இடம் என்றால் ஆடுகள்தான். ஆடு எங்கே போகிறதோ அங்கே அதன் வீடும் போனது.

மூன்றாம் நாள் மத்தியானம். வெயில் பாறையை உடைத்துக்கொண்டிருந்தது. மந்தை இடுக்குக்குள் பாதி நுழைந்திருந்தபோது முன்பக்கப் பாறைமேல் ஓநாய் வந்து நின்றது.

நாயை விடு என்று ஆண்கள் கத்தினார்கள். ஆவுடையப்பன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கையடித்தார். புழுதியின் கிழியாத காது நிமிர்ந்தது. நகரவில்லை. இரண்டாம் தடவை அடித்தார். நாய் அவரிருந்த திசையைப் பார்த்தது. நகரவில்லை. மூன்றாம் தடவை அடித்தார். நொண்டிக் குட்டியின் பக்கத்தில் அசையாமல் நின்றது.

அந்த நேரத்தில் மாடத்தியின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா கூப்பிடுகிறார், நாய் போகவில்லை. போகச் சொல்லலாம். சொன்னால் அப்பா கோபம் தணியும். சொல்லாமல் இருந்து, ஒருவேளை தான் பார்த்த இரண்டாவது ஓநாய் வெறும் பயம்தான் என்றால்? ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. நாயின் கழுத்தில் கை வைத்தாள். அதன் முதுகு மயிர் குத்திட்டு நின்றது, அதன் கண் பின்பக்கப் பாறையில் இருந்தது. கையை எடுத்துவிட்டாள். போ என்று சொல்லவில்லை.

ஆவுடையப்பனுக்கு ரத்தம் கொதித்தது. பெண்ணும் பேச்சைக் கேட்பதில்லை, பெண் கொண்டுவந்த நாயும் பேச்சைக் கேட்பதில்லை. நாயைக் கழுத்தைப் பிடித்து முன்னால் இழுத்துப் போவது என்று ஆடுகளைப் பிளந்துகொண்டு, தூசிக்குள் இருமிக்கொண்டு, மந்தையின் வாலுக்கு ஓடிவந்தார். அத்தனை வருஷ நடையில் அவர் வாலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் கை நாயின் கழுத்தை நோக்கி நீண்டது. அப்போதுதான் பின்பக்கப் பாறையிலிருந்து அது இறங்கியது. சத்தமே இல்லை. ஒரு நிழல் வழுக்கிக்கொண்டு வருவது போல வந்தது.

புழுதி பாய்ந்து போகவில்லை. குட்டிக்கும் ஓநாய்க்கும் நடுவில் போய் நின்றது. ஓநாய் இடது பக்கம் நகர்ந்தால் இடது பக்கம், வலது பக்கம் நகர்ந்தால் வலது பக்கம். உலகம்மாள் இடுப்புப் பானையை ஓநாயின் முகத்துக்கு நேரே வீசினாள், அது பாறையில் மோதிச் சிதறியது. மாடத்தியின் கம்பு ஒரு தடவை இறங்கியது, இன்னொரு தடவை இறங்கியது. மூன்றாவது அடிக்கு ஓநாய் நிற்கவில்லை. புழுதி அதைப் பத்தடி துரத்தியது. பத்தே அடி. பிறகு திரும்பி வந்து குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பழைய இடத்தில் நின்றுகொண்டது.

ஆவுடையப்பன் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. முன்பக்கப் பாறையைப் பார்த்தார். அந்த ஓநாய் அங்கேயே நின்று, யாரும் துரத்த வராததால் குழம்பிப்போய், மெதுவாக இறங்கிப் போனது. பின்பக்கப் பாறையைப் பார்த்தார். மனைவியின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். இருமினார்.

"ரெண்டுதான்," என்றார்.

உலகம்மாளின் தலையிலிருந்து குட்டிக் கூடையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மந்தை தண்ணீருக்குப் போனபோது முன்னால் இரண்டு பேர் நடந்தார்கள், பின்னால் மூன்று பேர் நடந்தார்கள்.

மாசி முடிந்தது. பங்குனியும் முடிந்தது. அதன் பிறகு ஒரு குட்டிகூடப் போகவில்லை.

ராஜா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். குதிரையை விட்டு இறங்கி, சரிகைத் தலைப்பாகையோடு மந்தைக்குப் பின்னால் வந்து நின்றார். காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார். வெயில் ஏற ஏறப் பாட்டு நின்றது. தலைப்பாகை சரிகை நிறத்திலிருந்து மண் நிறத்துக்கு வந்தது. உச்சிப்பொழுதில் உட்கார நிழல் உண்டா என்று கேட்டார். கடைசி ஆடு நிழலுக்கு வந்த பிறகுதான் நமக்கு நிழல் என்று உலகம்மாள் மரியாதையாகச் சொன்னாள். ராஜாவின் நடை தளர்ந்தது. பெண்களுக்குப் பின்தங்கினார், ஆடுகளுக்குப் பின்தங்கினார், நொண்டிக் குட்டிக்கும் பின்தங்கினார்.

யாரோ தன்னோடு வருவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், இரண்டடி தள்ளி, புழுதி நடந்து வந்துகொண்டிருந்தது. அவர் நின்றால் நின்றது. அவர் நடந்தால் நடந்தது. அன்றைக்குக் கடைசி ஆள் அவர்தானே.

ராஜா அந்த வழியிலேயே உட்கார்ந்து அதன் கிழிந்த காதைத் தடவிக்கொடுத்தார். உன்னை நான் விறகுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தேனே என்று அதனிடம் சொன்னதை மாடத்தி கேட்டாள். கேட்காதது போல முன்னால் நடந்தாள். ஆனால் அவள் முதுகு நிமிர்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் கேட்டாள் என்று யாருக்கும் தெரிந்திருக்கும்.

திரும்பிப் போன நாய்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பால்வண்ணன் ராஜாவின் களஞ்சிய வாசலில் உட்கார்ந்தது. அசையாத வாசல், அசையாத நாய். அது இருந்தவரை ஒரு மணி நெல் திருடு போகவில்லை. அம்பு காலையில் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு மிச்ச நாளெல்லாம் ராணியின் மாடத்தில் தூங்கியது. எல்லோருக்கும் நிம்மதி.

அன்றிலிருந்து அந்த மலையடிவாரத்து மந்தைகளில் ஒரு வழக்கம் வந்தது. நாய் எடுக்கிற உரிமை முன்னால் நடப்பவருக்குக் கிடையாது. கடைசியாக நடப்பவர் எவரோ அவர்தான் எடுக்க வேண்டும். கேலி செய்த பக்கத்து மந்தைக் கீதாரிகளும் நாய் எடுக்கும்போது தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பி, போகிற வழியில் மாடத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகச் சொன்னார்கள். அவள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டாள்: உன் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை சொல்லு. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் எந்த இனம் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

புழுதி எந்த இனம், அதன் பெயர் என்ன, எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே போய் அதையே வாங்கிவந்து, மூன்றாம் மாடி வீட்டில் கட்டிப்போட்டு, இது என்ன எந்நேரமும் வாசலைப் பிறாண்டுகிறது என்று என்னிடமே வந்து நியாயம் கேட்பீர்கள். உங்கள் வீடு நடக்கிற வீடா, ஓடுகிற வீடா, உட்கார்ந்திருக்கிற வீடா என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவரிடம்தான் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: நாயின் அழகையும் குலத்தையும் பார்த்து மயங்காமல், உங்கள் வீட்டின் ஒரு முழு நாளையும் அந்த நாளைச் சுமக்கிறவரின் வார்த்தையையும் கேட்டு, அதற்குப் பொருந்துகிற நாயைத் தேர்ந்தெடுங்கள்.